கோயில் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்: அதிகாரி ஆகும் வழியைப் பதினைந்து வயதிலேயே சொல்லுங்கள்

பிரான்சைச் சேர்ந்த நம் ரெயூனியன் தீவின் கோயில் சங்கங்களுக்கும், சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தும் சங்கங்களுக்கும் வணக்கம்.

ராணுவத்துக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் நம் வீடுகளில் எல்லா வருடமும் இருக்கிறார்கள். பாக் (பள்ளி இறுதித் தேர்வு) முடித்த கையோடு, சிலர் அதற்கும் முன்பே, சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சேர்ந்து பிரான்சுக்கு விமானம் ஏறுகிறார்கள். அதே ராணுவத்தில் அதிகாரியாக நுழைய ஒரு வழி இருக்கிறது. அதற்குக் கொங்கூர், அதாவது போட்டித் தேர்வு, எழுத வேண்டும். அந்தக் கொங்கூரைப் பற்றி நம் வீடுகளுக்குச் சேதி வந்து சேரும்போது பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்கிறது, பாதி வழி அடைபட்டுப் போயிருக்கிறது. பதினைந்து வயதில், பிள்ளை லிசேயின் (மேல்நிலைப் பள்ளியின்) முதல் வருடமான செகோந்த் படிக்கும்போதே, இதைக் குடும்பங்களுக்குச் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம் தீவில் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் சங்க நிர்வாகிகளில் சிலர், தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் குருக்கள்மார், புதுச்சேரிக் குடும்பங்கள், வகுப்பெடுக்கும் அக்காமார், நீங்கள் எல்லாம் படிப்பீர்கள். படித்துவிட்டு மற்றவர்களுக்குக் கிரெயோலில் எடுத்துச் சொன்னால் போதும்.

நான் புதுச்சேரிக்காரன். 1962-ல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம். அப்பா சொல்தா. எங்கள் தெருவில் சொல்தா பென்ஷன் வாங்கும் வீடுகள் நிறைய இருந்தன. ஜூலை 14 அன்று மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போவார்கள். கப்பொரால் இருந்தார்கள், சர்ழான் இருந்தார்கள், அஜுதான் வரை போனவர்களும் இருந்தார்கள். அதற்கு மேல், அதிகாரி நிலையில், ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அவர்கள் உழைப்பில்தான் நாங்கள் படித்தோம். சொல்தா வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இந்தத் தீவில் வந்து கணக்கு வாத்தியாராக வேலை பார்க்கும்போதும் அதே படிக்கட்டில் அதே இடத்தில் நம் பிள்ளைகள் நிற்பதைப் பார்க்கிறேன். இப்போது காலம் வேறு. பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பிறப்பிலேயே இருக்கிறது. வழி தெரியாததுதான் குறை.

முதலில் புதுச்சேரி, தமிழ்நாட்டு உறவுகளால் வரும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு, அதாவது கடக்வாஸ்லாவுக்கு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே யூபிஎஸ்சி தேர்வு எழுதுகிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். கணக்குக்கு 300, பொதுத் திறனுக்கு 600, அப்புறம் ஐந்து நாள் நடக்கும் எஸ்எஸ்பி நேர்முகத்துக்கு 900 மதிப்பெண். ஊரிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ போனில் இதைச் சொன்னதும், இங்கேயும் பாக் முடித்துப் பரீட்சை எழுதினால் போதும் என்று நம் வீடுகளில் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அப்படியில்லை. சென்-சீர் தரைப்படைக் கல்லூரி, எக்கோல் நவால் கடற்படைக் கல்லூரி, விமானப்படைக் கல்லூரி ஆகிய மூன்றுக்கும் நேரடி வழி என்பது பாக்குக்குப் பிறகு இரண்டு வருடம் பிரெப்பா படித்து, அதன் முடிவில் கொங்கூர் எழுதுவது. ராணுவ அமைச்சகத்தின் கீழ் இருக்கும் பொலிதெக்னிக் பொறியியல் கல்லூரிக்கும் பெரும்பாலும் இதே வழிதான். பிரெப்பா என்றால் லிசேக்குள்ளேயே நடக்கும் கடுமையான படிப்பு. வாரந்தோறும் வாத்தியார் முன்னால் கரும்பலகையில் நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதைக் கொல் என்பார்கள். நல்ல பிள்ளைகளுக்கே முதல் மூன்று மாதம் 20-க்கு 6, 7 என்றுதான் மதிப்பெண் வரும். பெற்றோர் அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது.

நம் தீவிலேயே பிரெப்பா இருக்கிறது. சென்-தெனியில் லெகோந்த் தெ லீல் லிசே, லெ தம்போனில் ரோலான் காரோஸ் லிசே. இந்த இரண்டாவது பெயர் சென்-தெனியில் 1888-ல் பிறந்த விமானியின் பெயர். டென்னிஸ் மைதானமாக மட்டுமே தெரிந்த பிள்ளைகளுக்கு அவர் நம் தீவுக்காரர், போர் விமானி என்று சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, கொங்கூர் எப்படி நடக்கிறது? இரண்டாம் வருடத்தின் ஏப்ரல், மே மாதங்களில் எழுத்துத் தேர்வு. விடைத்தாளில் பெயர் இருக்காது. திருத்துகிறவருக்கு அந்தப் பிள்ளை மல்பாரா (தீவின் தமிழ் வம்சாவளியா), பாரிஸ்காரியா, தளபதி மகனா என்று எதுவும் தெரியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கொயெஃபிசியான் உண்டு. வாங்கிய மதிப்பெண்ணை அதனால் பெருக்குவார்கள். ஒரு எல்லைக்கு மேல் வந்தவர்கள் ஜூன், ஜூலையில் வாய்மொழித் தேர்வுக்கும் உடற்பயிற்சித் தேர்வுக்கும் போவார்கள். எல்லாவற்றையும் கூட்டி வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போடுவார்கள். இடங்கள் எத்தனையோ அத்தனை பேர் மேலிருந்து உள்ளே. அவர்களுக்குக் கீழே கூடுதல் பட்டியல் ஒன்று இருக்கும். மேலே உள்ள ஒருவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் கீழே உள்ளவருக்கு அழைப்பு வரும். அதனால் கூடுதல் பட்டியலில் பெயர் இருக்கும் பிள்ளை மனம் விட்டுவிடக் கூடாது. பிரான்சின் கோடை முழுக்கப் பட்டியல் நகர்ந்துகொண்டே இருக்கும். இடம் கிடைக்காதவர்கள் பிரெப்பாவின் இரண்டாம் வருடத்தைத் திரும்பப் படித்து மறுபடி எழுதலாம். அதை யாரும் கேவலமாக நினைப்பதில்லை.

சென்-சீருக்கு இந்த வழியாக ஒரு வருடத்தில் எடுப்பது இருநூறு பேருக்குள்தான். போட்டி பெரிது. ஆனாலும் அது நேர்மையான போட்டி.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. "அதற்கெல்லாம் பிஸ்தோன் (சிபாரிசு) வேண்டும், தெப்யுத்தே (எம்பி) கடிதம் வேண்டும்" என்று நம் பெரியவர்கள் பேசிக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் பின்வாங்க இந்த ஒரு பேச்சு போதும். பிரான்சில் எந்த தெப்யுத்தேயின் கடிதத்துக்கும் இந்தத் தேர்வில் இடமில்லை. கடிதம் சட்டப்படியே தேவைப்படும் நாடு அமெரிக்கா. அங்கே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர மதிப்பெண், உடல்தகுதி எல்லாம் இருந்தாலும், தன் தொகுதி எம்பியோ செனட்டரோ துணை ஜனாதிபதியோ, இல்லை சட்டம் சொல்லும் வேறு சில வழிகளிலோ, பரிந்துரை கிடைக்க வேண்டும். ஒவ்வொரு எம்பியின் கணக்கிலும் ஒரே நேரத்தில் ஐந்து பேர் மட்டுமே கல்லூரியில் இருக்கலாம். அனாபோலிஸ் கடற்படைக் கல்லூரிக்கும் கொலராடோவில் உள்ள விமானப்படைக் கல்லூரிக்கும் இதே முறைதான்.

அந்த முறையில் ஒரு நல்லது உண்டு, அதை நாம் கவனிக்க வேண்டும். குவாம், போர்ட்டோ ரிக்கோ, வர்ஜின் தீவுகள் போன்ற தூரத் தீவுகளுக்கும் அவரவர் பிரதிநிதி வழியாகத் தனி இடங்கள் சட்டத்தில் இருக்கின்றன. தீவுப் பிள்ளை தீவுப் பிள்ளையோடு போட்டி போட்டால் போதும். வெஸ்ட் பாயின்ட்டும் சென்-சீரும் இரண்டுமே 1802-ல் தொடங்கியவை. ஒன்று தீவுக்கு இடம் ஒதுக்குகிறது, மற்றொன்று யாருக்கும் ஒதுக்குவதில்லை. சென்-அந்த்ரேயில் கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை, வெர்சாய் நகரத்தில் தலைமுறை தலைமுறையாக அதிகாரிகளைப் பெற்ற வீட்டுப் பிள்ளையோடு ஒரே பட்டியலில் நிற்கிறது. ஒதுக்கீடு கேட்டுப் போராடச் சொல்லவில்லை. பெயர் மறைத்த விடைத்தாளை நான் மதிக்கிறேன். ஆனால் விடைத்தாளில்தான் எல்லாரும் சமம். அந்த அதிகாரி வீட்டில் பத்து வயதிலேயே சாப்பாட்டு மேஜையில் சென்-சீர் பற்றிப் பேச்சு நடக்கிறது. நம் வீட்டில் அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்க யாருமில்லை. அந்த இடத்தைச் சங்கம் நிரப்ப வேண்டும் என்கிறேன்.

ஏன் பதினைந்து வயது? செகோந்த் வருடத்தின் கடைசியில் பிள்ளை மூன்று ஸ்பெசியாலித்தே (சிறப்புப் பாடங்கள்) தேர்ந்தெடுக்கிறது. அடுத்த வருடமான பிரமியேர் முடிந்ததும் அதில் ஒன்றை விட்டுவிட்டுக் கடைசி வருடமான தெர்மினாலில் இரண்டை வைத்துக்கொள்கிறது. 2019-லிருந்து இப்படித்தான். அங்கே கணக்கை விட்டவர் அறிவியல் பிரெப்பாவுக்குப் போவது நடவாத காரியம். கடற்படைக்கும் விமானப்படைக்கும் பெரும்பாலும் அறிவியல் பிரெப்பாதான் வழி என்பதால் அந்த இரண்டும் அப்போதே கைவிட்டுப் போகின்றன. கணக்கில் ஆழமாகப் போகும் பிரெப்பா வேண்டுமென்றால் தெர்மினாலில் கூடுதல் கணக்குப் பாடமும் எடுத்துக்கொள்வது நல்லது. சென்-சீருக்கு மட்டும் மூன்று கதவு: அறிவியல், இலக்கியம், பொருளாதாரம். இந்த இரண்டாவது மூன்றாவது கதவு இருப்பதே நம்மவர்களில் அநேகம் பேருக்குத் தெரியாது. வரலாறும் இலக்கியமும் நன்றாகப் படிக்கும் பிள்ளை ராணுவ அதிகாரியாக முடியும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

அப்படி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தமிழ் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவள். தெர்மினால் படிக்கும்போது ஒரு கோயில் மண்டபத்தில் வேலைவாய்ப்புத் தகவல் நாள் நடந்தது. ஏப்ரல் கடைசி. ராணுவச் சேர்க்கைக்காக வந்திருந்த ஒருவரிடம் நேராகப் போய், "ஒஃபிசியே (அதிகாரி) ஆவதற்கு என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "பாக் கையில் இருக்கிறதா? சொல்தாவாகவோ சுஸ்-ஒஃபிசியேவாகவோ (அதிகாரிக்குக் கீழ்நிலை) சேர்ந்துவிடு, உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி, பாராசூட் படம் போட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். அவள் வைத்திருந்த பாடங்கள் வரலாறு-புவியரசியலும் பொருளாதாரமும். அந்தப் பாடங்களோடு இலக்கியப் பிரெப்பாவுக்கு விண்ணப்பித்திருக்கலாம். அவளுடைய பிரெஞ்சு எழுத்தை நான் படித்திருக்கிறேன். ஒரு வாக்கியத்தைக்கூட வீணாக எழுத மாட்டாள். நான் அவளிடம் விவரம் சொன்னபோது பார்கூர்சூப், அதாவது உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் அரசு இணையதளம், கதவு சாத்தி ஆறு வாரம் ஆகியிருந்தது. ஒரு வருடம் காத்திருக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. அவள் சொல்தாவாகச் சேர்ந்து போனாள்.

அவளுக்கு இன்னும் வழி இருக்கிறது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ராணுவத்தில் இருக்கும் சொல்தாக்களும் சுஸ்-ஒஃபிசியேக்களும் அதிகாரியாக உள்கொங்கூர் எழுதிச் சேரும் கல்லூரி ஒன்று, சென்-சீர் இருக்கும் அதே கொவெத்கிதான் முகாமில், மேற்குப் பிரான்சின் பிரித்தானி பகுதியில் இருக்கிறது. பெயர் எமியா. உங்கள் மகனோ மருமகளோ இப்போது ராணுவத்தில் இருந்தால் இந்தப் பெயரை அவர்கள் காதில் போட்டு வையுங்கள். பணியில் சேர்ந்து சில வருடங்கள் கழித்துத்தான் எழுத முடியும், படிப்பை விட்டுவிடாமல் இருக்க வேண்டும். ஆனாலும் இருபது வயதில் நேராக உள்ளே போயிருக்க வேண்டியவள் சுற்றுவழியில் போகிறாள் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

நாள்காட்டியும் நமக்கு எதிராக இருக்கிறது. கொங்கூருக்குப் பதிவு செய்யும் காலம் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை. பிரான்சில் அப்போது பள்ளி நடக்கும், நடுவில் இரண்டு வாரம்தான் விடுமுறை, வாத்தியார் தினமும் நினைவூட்டுவார். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்கோ அதுதான் கோடை, பெரிய விடுமுறை. டிசம்பர் 20 அடிமைமுறை ஒழிப்பு நாள் கொண்டாட்டம், கிறிஸ்துமஸ், புது வருடம், புயல் எச்சரிக்கை எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். பதிவை மறந்தால் இரண்டு வருட உழைப்பு போச்சு. அடுத்து தெர்மினால் பிள்ளைகளுக்கு ஜனவரி நடுவில் பார்கூர்சூப் திறக்கும், மார்ச் நடுவில் விருப்பப் பட்டியல் முடியும். அதே நாட்களில்தான் நாம் கரேம் (விரதம்) இருந்து, காவடி கட்டி, தைப்பூசத்துக்குக் கோயிலில் கூடுகிறோம். சென்-அந்த்ரேயில், சென்-பியேரில், சென்-பாலில், தீவு முழுக்க நம் குடும்பங்கள் ஒன்றாக ஓர் இடத்தில் இருக்கும் நாள் வருடத்தில் அதைவிட வேறில்லை. அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை, அதில் விவரம் தெரிந்த இரண்டு பேர். பூசைக்கு இடைஞ்சல் இல்லாமல் இதைச் செய்யலாம்.

உடல்தகுதி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் மதிப்பெண் கோட்டை விடும் இடம் இது. ராணுவ மருத்துவர் பிள்ளையைப் பார்த்து ஏழு எழுத்துள்ள ஒரு அட்டவணையை நிரப்புவார். சிஜிகோப் என்று பெயர். தோளும் கையும் ஒரு எழுத்து, இடுப்பும் காலும் ஒன்று, பொதுவான உடல்நிலை ஒன்று, பார்வை ஒன்று, நிறம் பிரித்தறிவது ஒன்று, காது ஒன்று, மனநிலை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண் ஏற ஏறத் தகுதி குறையும். எந்தப் படை, எந்த வேலை என்பதைப் பொறுத்து எண்ணின் எல்லை மாறும். கண்ணாடி போட்டதாலேயே ஒரு பிள்ளையைத் தள்ளிவிட மாட்டார்கள், ஆனால் விமானி வேலைக்கு எல்லை கடுமை. நிறக்குறைபாடு இருப்பதே பலருக்குப் பதினெட்டு வயது வரை தெரியாது. இரண்டு வருடம் பிரெப்பாவில் உழைத்த பிறகு அது தெரிய வருவது கொடுமை. செகோந்த்திலேயே கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டால் முடிந்தது.

அடுத்து நீச்சல். உடற்பயிற்சித் தேர்வில் ஓட்டம், புல்-அப், நீச்சல் உண்டு. அதில் வாங்கும் புள்ளி மொத்தத்தில் சேரும். நாலா பக்கமும் கடல் இருக்கும் தீவில் நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு நீந்தத் தெரியாது. நம் பாட்டன்மார் கடலைப் பார்த்துப் பயந்தவர்கள். அப்புறம் 2011-லிருந்து சுறா தாக்குதல்கள். 2013 ஜூலையில் லகூனுக்கும் (பவளப்பாறைக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாக் கடலுக்கும்) கண்காணிப்பு உள்ள இடங்களுக்கும் வெளியே கடலில் குளிக்கவே தடை வந்தது. இப்போது லிசேயில் படிக்கும் பிள்ளைகள் அந்தத் தடைக்குள் வளர்ந்தவர்கள். மேரி (நகராட்சி) நடத்தும் நீச்சல் குளங்கள் இருக்கின்றன. சங்கம் மொத்தமாகப் பேசி வாரம் ஒரு மணி நேரம் வாங்கித் தர முடியும். ராணுவத்துக்குப் போகாவிட்டாலும் நீந்தத் தெரிந்த பிள்ளை நீந்தத் தெரிந்த பிள்ளைதான்.

படிப்பில் நான் பார்க்கும் இடறல் கணக்கு இல்லை. அறிவியல் பிரெப்பாவிலும் பிரெஞ்சு-தத்துவம் என்று ஒரு தாள் உண்டு. ஒவ்வொரு வருடமும் ஒரு பொருளும் மூன்று நூல்களும் கொடுப்பார்கள். அதை வைத்துக் கட்டுக்கோப்பாகக் கட்டுரை எழுத வேண்டும். கணக்கில் முந்தி நிற்கும் நம் பிள்ளைகள் இங்கே சரிவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் கிரெயோல், கோயிலில் தமிழ், பள்ளியில் மட்டும் பிரெஞ்சு என்று வளரும் பிள்ளைக்கு இது கஷ்டம்தான். அதற்காகத் தமிழ் வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம் அதே அறையில் யாராவது ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியரை உட்கார வையுங்கள்.

பணம் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். அரசு லிசேயில் பிரெப்பாவுக்குப் பெரிய செலவில்லை. பூர்ஸ் (அரசு உதவித்தொகை) வாங்கும் பிள்ளைகளுக்குக் கொங்கூர் கட்டணத்தில் சலுகை உண்டு. கல்லூரிக்குள் போய்விட்டால் பிள்ளைக்கு மாதச் சம்பளமே வரும். அதற்கு ஈடாகப் படிப்பு முடிந்து குறிப்பிட்ட வருடங்கள் பணியாற்ற வேண்டும், இடையில் விட்டால் பணம் திருப்பிக் கட்ட நேரும். லா ஃபிளேஷ், எக்ஸ், பிரெஸ்த் போன்ற ஊர்களில் ராணுவ லிசேக்கள் இருக்கின்றன. விடுதியோடு பிரெப்பா நடத்துகிறார்கள். சொல்தா வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை, ராணுவக் கொங்கூர் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்ட எந்தப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். பூர்ஸ் வாங்கும் பிள்ளைகளைப் பிரெப்பாவுக்குத் தயார்ப்படுத்த ஒரு வருட வகுப்பும் அங்கே உண்டு. பதினெட்டு வயதில் முதன்முறையாகக் குளிர்காலத்தைப் பார்க்கப் போகும் பிள்ளைக்கு அந்த ஒரு வருடம் பெரிய உதவி. பிரான்சுக்குப் படிக்கப் போகிறவர்களின் விமானச் செலவுக்கு லாதோம் என்ற அரசு அமைப்பு உதவுகிறது.

பாரமாக மிஞ்சுவது வாய்மொழித் தேர்வுப் பயணம். இங்கே பிரெப்பா படித்த பிள்ளை, எழுத்துத் தேர்வில் தேறியதும், ஜூன், ஜூலையில் பதினோரு மணி நேரம் பறந்து பிரான்சுக்குப் போய் வாரக்கணக்கில் தங்க வேண்டும். எந்தத் தேதியில் எந்த ஊரில் என்பது கடைசி நேரத்தில்தான் தெரியும். ஹோட்டலில் தனியாகத் தங்கி, சாண்ட்விச் தின்று, தூக்கமில்லாமல் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளை, அன்று காலை வீட்டிலிருந்து கிளம்பி வந்த பாரிஸ் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருகிறது. பாரிஸைச் சுற்றிப் புதுச்சேரிக் குடும்பங்கள் எவ்வளவு இருக்கின்றன! ஒரு அறையும் இரவுச் சாப்பாடும் கொடுக்க அவர்கள் தயங்க மாட்டார்கள். கேட்க ஒரு சங்கம் வேண்டும். உண்டியல் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்தப் பயணத்துக்கு என்று ஒதுக்கி வைக்க முடியுமா என்று உங்கள் பொதுக்குழுவில் பேசுங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள்தான் இருப்பார்கள். கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கும் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "பெண்ணை எதற்கு ராணுவத்துக்கு?" என்ற கேள்வி இன்னும் வருகிறது. பொலிதெக்னிக் 1972-ல் பெண்களுக்குத் திறந்தது. அந்த முதல் வருடத்திலேயே கொங்கூரில் முதலிடம் வந்தது ஒரு பெண். சென்-சீர் 1983-ல் திறந்தது. மகளை டாக்டராகப் பார்க்க ஆசைப்படும் பெற்றோருக்கு இன்னொரு தகவல்: லியோனுக்குப் பக்கத்தில் புரோனில் ராணுவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதற்குப் பிரெப்பா வேண்டாம், தேர்வு பாக் வருடத்திலேயே நடக்கும், மாணவர்களுக்குச் சம்பளமும் உண்டு. அதற்கும் விண்ணப்பத்தைத் தெர்மினாலின் நடுவிலேயே முடித்தாக வேண்டும்.

ஆபத்து இருக்கிற வேலை இது. போர் வந்தால் அதிகாரிதான் முன்னால் போவார். பிள்ளைக்கு விருப்பமில்லாமல் பெற்றோர் தள்ளிவிடும் வேலையும் இது இல்லை. எல்லாரையும் ராணுவத்துக்கு அனுப்பச் சொல்லி நான் எழுதவில்லை. போவது என்று தானே முடிவெடுத்துவிட்ட பிள்ளைக்கு இருக்கிற வழிகள் எல்லாமே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன்.

பதினாறு வயதானதும் ஒவ்வொரு பிள்ளையும் மேரிக்குப் போய்ப் பெயர் பதிய வேண்டும், பிறகு ராணுவ விளக்க நாளுக்கும் போக வேண்டும். அரசாங்கம் அங்கேதான் முதல்முறை ராணுவத்தைப் பற்றிப் பேசுகிறது. பாடத் தேர்வு அதற்குள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அதனால் உங்கள் கூட்டம் அதற்கு முன்னால் நடக்க வேண்டும். ஆகஸ்டில் பள்ளி திறக்கிறது. செப்டம்பரிலோ அக்டோபரிலோ, தீபாவளிக்கு முன்பாக, ஒரு சனிக்கிழமை காலை. த்ருவாசியேம் (செகோந்துக்கு முந்தைய வகுப்பு), செகோந்த் பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும் வர வேண்டும். தீவின் இரண்டு பிரெப்பாக்களிலிருந்தும் படித்து முடித்த மாணவர் ஒருவர், ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற நம்மவர் ஒருவர், கண் பரிசோதனைக்கு ஒருவர். கணக்குக்கு நான் வருகிறேன். பாடத் தேர்வு, பார்கூர்சூப், கொங்கூர் மூன்றின் கால அட்டவணையையும் நம் பஞ்சாங்கத்தோடு சேர்த்து ஒரே தாளில், பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன். எந்தச் சங்கம் கேட்டாலும் அனுப்புகிறேன், உங்கள் பெயரைப் போட்டே அச்சடித்துக்கொள்ளுங்கள். மண்டபம் எந்தச் சனிக்கிழமை காலியாக இருக்கிறது என்று மட்டும் நிர்வாகிகள் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சென்-அந்த்ரேயிலிருந்து ஒரு கணக்கு ஆசிரியர்